காட்டுப்பூனைத் தோட்டாவும் கிருஷ்ணகிரியின் நாட்டுத் துப்பாக்கியும்

தொழிற்சாலை தயாரித்து விற்கும் தோட்டாவின் பித்தளை உறையை எடுத்து, அதன் கழுத்தைச் சுருக்கியோ தோளை மாற்றியோ தனிமனிதர்கள் தம் பட்டறையில் உருவாக்கும் புதுவகைத் தோட்டாவுக்கு அமெரிக்காவில் ‘வைல்ட்கேட்’ என்று பெயர். காட்டுப்பூனை என்பது அதன் பொருள். பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் கெடுக்கும் சிறு விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடுவதற்காக, 1890-கள் தொடங்கி இத்தகைய சிறுவிட்டத் தோட்டாக்கள் பல அங்கே பிறந்தன. அவற்றில் சில பின்னர் உலகெங்கும் விற்பனையாகும் தோட்டாக்களாயின.

பயிரைக் கெடுக்கும் விலங்கு எல்லா நாட்டிலும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்திலுள்ள சிங்காரப்பேட்டை, ஜவ்வாது மலைக்கு அருகிலுள்ள ஊர். அப்பகுதியில் நிலக்கடலையும் கேழ்வரகும் பயிரிடுவோருக்குக் காட்டுப்பன்றி பழைய பகை. மாவட்டத்தின் மேற்கே, கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் பன்றியோடு யானையும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் இங்கே காட்டுப்பூனைத் தோட்டா எதுவும் பிறக்கவில்லை. இங்குள்ள உழவருக்குச் சட்டம் காட்டிய ஆயுதம், வாய்வழியே மருந்து இட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிதான். ஒரே வகைச் சிக்கலுக்கு இரண்டு நாடுகளில் இவ்வளவு வேறுபட்ட விடை கிடைத்ததற்குக் கைத்திறன் காரணமன்று. நிலமும் சட்டமுமே காரணம்.

தோட்டாவின் உறுப்புகள்

தோட்டா நான்கு உறுப்புகள் கொண்டது. வெளியே தெரியும் பித்தளை உறை ஒன்று. அதன் அடியில் பொருத்திய, தட்டினால் தீப்பொறி தரும் சிறு கேப்பு இரண்டாவது. உறைக்குள் நிரப்பிய வெடிமருந்து மூன்றாவது. உறையின் வாயில் செருகிய குண்டு நான்காவது. பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே சொல்வதுண்டு. உண்மையில் குழலிலிருந்து வெளியே பறந்து செல்வது குண்டு மட்டுமே.

ரைபிள் என்னும் துப்பாக்கியின் குழலுக்குள் திருகு போன்ற காடிகள் வெட்டப்பட்டிருக்கும். அவை குண்டைச் சுழலச் செய்வதால் அது தலைகுப்புறப் புரளாமல் நேராகச் செல்லும். நாட்டுத் துப்பாக்கியின் குழலோ உட்புறம் வழுவழுப்பானது. அதிலிருந்து செல்லும் ரவைகள் சிறிது தொலைவிலேயே சிதறிவிடும். குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் குறிப்பது ஆங்கிலேய வழக்கம். .22 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு, ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். .303 என்பது 7.7 மில்லிமீட்டர்.

சிறு விட்டத்தையும் மிகு வேகத்தையும் வேட்டைக்காரர்கள் ஏன் தேடினார்கள் என்பதைப் பள்ளிக் கணக்கு ஒன்றால் விளக்கலாம். புவியீர்ப்பு எல்லாக் குண்டுகளையும் ஒரே வேகத்தில்தான் கீழே இழுக்கிறது. நொடிக்கு 730 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 200 மீட்டரைக் கடக்க 0.27 நொடி ஆகும். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அதற்குள் அது 37 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். வேகம் நொடிக்கு 1250 மீட்டர் என்றால் ஆகும் நேரம் 0.16 நொடி, இறக்கம் 13 சென்டிமீட்டருக்கும் குறைவு. இலக்கு ஓர் அணில் வகை விலங்கின் அளவே இருக்கும்போது, தொலைவைக் கண்ணால் அளப்பதில் நேரும் சிறு பிழைகூடக் குறியைத் தவறச் செய்யும். வேகம் கூடினால் அந்தப் பிழையின் விளைவு குறையும். சிறுவிட்டக் காட்டுப்பூனைத் தோட்டாக்களின் வரலாறு முழுவதும் இந்தக் கணக்கின்மேல் நிற்கிறது.

வர்மின்ட் என்னும் சொல்

கேடு செய்யும் உயிரினம் என்னும் பொருளுடைய ‘வெர்மின்’ என்ற ஆங்கிலச் சொல் அமெரிக்கக் கிராமப்புறப் பேச்சில் ‘வர்மின்ட்’ எனத் திரிந்தது. மேற்குச் சமவெளிகளில் வளை தோண்டி வாழும் பிரெய்ரி நாய், கிழக்குப் பகுதிப் பண்ணைகளில் வாழும் மர்மோட் வகை, கோயோட் என்னும் ஓநாய் இனம் ஆகியவை இப்பெயரால் குறிக்கப்பட்டன. பிரெய்ரி நாய் பெயரளவில்தான் நாய். உண்மையில் தரையில் வாழும் அணில் இனம். அதன் வளைகளில் கால்நடைகள் கால் இடறி விழும் என்றும், அது புல்லைத் தின்று தீர்க்கும் என்றும் பண்ணையாளர்கள் அதை வெறுத்தனர்.

இவ்விலங்குகளைச் சுடப் பெரிய குண்டு தேவையில்லை. தேவைப்பட்டவை மூன்று: தொலைவில் குறி தவறாமை, பின்னுதைப்புக் குறைவு, பட்ட இடத்திலேயே உடைந்து நொறுங்கும் மெல்லிய குண்டு. நொறுங்கிவிட்ட குண்டு தரையில் பட்டுத் தெறித்து அடுத்த பண்ணைக்குப் போகாது. கால்நடைகளும் வீடுகளும் உள்ள நிலத்தில் இது பெரிய பாதுகாப்பாகக் கருதப்பட்டது.

குளவியின் பிறப்பு

1890-களில் ரூபன் ஹார்வுட் என்பவர் .25 அங்குலத் தோட்டா உறையின் கழுத்தை .22 அளவுக்குச் சுருக்கி ஒரு தோட்டாவை உருவாக்கினார். அதற்கு அவர் ‘ஹார்னெட்’ அதாவது குளவி என்று பெயரிட்டார். அது கரும்புகை மருந்துக் காலத்தின் முடிவு. பிரான்சில் பால் வியேல் 1884-இல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்திருந்தார். அதே எடையில் கூடுதல் ஆற்றல் தரும் அம்மருந்து பரவிய பிறகே சிறு குண்டை மிகு வேகத்தில் செலுத்துவது எளிதாயிற்று.

1920-களில் அமெரிக்க அரசின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையோடு தொடர்புடைய சிலர், பழைய .22 வின்செஸ்டர் தோட்டாவின் உறையில் புது மருந்தையும் உலோக மேலுறை கொண்ட குண்டையும் வைத்துச் சோதனை செய்தனர். கேப்டன் குரோவ்னர் வாட்கின்ஸ், கர்னல் டவுன்சென்ட் வீலன் ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். அவர்களின் முயற்சியே .22 ஹார்னெட் என்னும் தோட்டா. இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. வின்செஸ்டர் நிறுவனம் 1930-இல் இத்தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதைச் சுடுவதற்கான துப்பாக்கியை எந்த நிறுவனமும் தயாரிக்கவில்லை. பட்டறைக்காரர்கள் மாற்றியமைத்த துப்பாக்கிகளுக்காகவே தோட்டா முதலில் கடைக்கு வந்தது. 45 கிரெய்ன், அதாவது 3 கிராமுக்கும் சற்றுக் குறைந்த எடையுள்ள அதன் குண்டு நொடிக்குச் சுமார் 2400 அடி வேகத்தில் சென்றது.

வேகப் பந்தயம்

ஹார்னெட்டுக்கு முன்பே சார்லஸ் நியூட்டன் என்னும் வடிவமைப்பாளர் இத்துறையில் வழிகாட்டியிருந்தார். அவர் வடிவமைத்த .250 சாவேஜ் தோட்டாவை 1915-இல் சாவேஜ் நிறுவனம் வெளியிட்டது. நொடிக்கு 3000 அடி வேகம் என்பதே அதன் விளம்பரம். அந்த எண்ணைப் பெயரிலேயே சேர்த்து ‘250-3000’ என்று விற்றார்கள்.

1935-இல் வின்செஸ்டர் நிறுவனம் .220 ஸ்விஃப்ட் தோட்டாவை வெளியிட்டது. 48 கிரெய்ன் குண்டுக்கு நொடிக்கு 4110 அடி வேகம் அறிவிக்கப்பட்டது. இது சுமார் 1250 மீட்டர். காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் அதிகம். அன்று கடையில் கிடைத்த தோட்டாக்களில் இதற்கு இணையில்லை. ஆனால் அவ்வளவு மருந்தின் வெப்பமும் அழுத்தமும் சிறு குழலின் தொடக்கப் பகுதியை விரைவில் அரித்தன. குழல் சீக்கிரம் கெடும் என்ற பெயர் ஸ்விஃப்டை விட்டு நீங்கவே இல்லை.

இதற்கிடையில் பட்டறைக்காரர்கள் நியூட்டனின் .250 சாவேஜ் உறையின் கழுத்தை .22-க்குச் சுருக்கிச் சோதித்துக்கொண்டிருந்தனர். ஜெர்ரி ஜெபி என்பவர் 1937-இல் தம் வடிவத்துக்கு ‘வர்மின்டர்’ எனப் பெயரிட்டு அப்பெயரைப் பதிவும் செய்துகொண்டார். பெயரைப் பயன்படுத்த முடியாத மற்றவர்கள் அதை .22-250 என்று அழைத்தார்கள். 22 என்பது குண்டின் விட்டம். 250 என்பது தாய்த் தோட்டாவின் பெயர். ஸ்விஃப்டைவிடச் சற்றே குறைந்த வேகம், மிகுந்த துல்லியம் ஆகியவற்றால் அது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காட்டுப்பூனையாகவே வாழ்ந்தது. 1965-இல் ரெமிங்டன் நிறுவனம் அதைத் தரப்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பட்டறையில் பிறந்த ஒன்று தொழிற்சாலைக்குள் நுழைந்ததற்கு இதுவே பெரிதும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி.

‘மேம்படுத்தப்பட்ட’ தோட்டா

காட்டுப்பூனைகளில் ஒரு தனிப் பிரிவு ‘மேம்படுத்தப்பட்டவை’ எனப்படும். இதில் குண்டின் விட்டம் மாறாது. உறையின் வடிவம் மட்டும் மாறும். பழைய உறைகள் அடியிலிருந்து மேல்நோக்கிக் குறுகிச் சென்று, சரிவான தோளில் முடியும். அந்தக் குறுகலைக் குறைத்துத் தோளை நிமிர்த்தினால் உள்ளே இடம் கூடும். மருந்தும் சிறிது கூடுதலாகக் கொள்ளும். இதைச் செய்யக் குழலின் தோட்டா அறையைப் புது வடிவத்துக்குக் குடைந்துவிடுவார்கள். கடையில் வாங்கிய பழைய வடிவத் தோட்டாவை அதில் சுட்டால், வெடிப்பின் அழுத்தத்தில் பித்தளை விரிந்து புது அறையின் வடிவத்தைத் தானே பெற்றுவிடும்.

லைல் கில்போர்ன் என்பவர் ஹார்னெட் தோட்டாவை இம்முறையில் மாற்றினார். அது ‘கே-ஹார்னெட்’ எனப் பெயர் பெற்றது. இந்த முறையைப் பல தோட்டாக்களுக்கு விரிவாகப் பயன்படுத்தியவர் பார்க்கர் ஆக்லி (1903–1989). துப்பாக்கிப் பட்டறைக்காரராகவும் ஆசிரியராகவும் விளங்கிய அவர், தம் சோதனைகளைத் தொகுத்து 1962-இல் கையேடாக வெளியிட்டார். எந்த மாற்றம் பயன் தந்தது, எது தரவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதியதே அந்நூலின் சிறப்பு. பெரிய உறை எப்போதும் பெரும் பயன் தராது என்பதை அவர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார்.

அதற்கு அவரே நகைச்சுவையான சான்றும் தந்தார். யானை வேட்டைத் துப்பாக்கிக்கு உரிய .378 வெதர்பி மேக்னம் உறையை .22 அளவுக்குச் சுருக்கி, நொடிக்கு 5000 அடியைத் தொட முயன்றார். ‘காதைப் பிளக்கும் பேரொலி’ என்னும் பொருள்பட, ஜெர்மன் மொழிபோல் ஒலிக்கும் கேலிப் பெயர் ஒன்றையும் அதற்குச் சூட்டினார். வேகம் 4600 அடிக்குமேல் செல்லவில்லை. சிறு துளை வழியாக எவ்வளவு மருந்தை எரித்தாலும் ஓர் எல்லைக்குப் பிறகு வேகம் கூடாது, குழல்தான் கெடும்.

இந்தப் பாடத்துக்குப் பின் கவனம் வேகத்திலிருந்து துல்லியத்துக்குத் திரும்பியது. ரெமிங்டன் நிறுவனத்தின் மைக் வாக்கர் வடிவமைத்து 1950-இல் வெளிவந்த .222 ரெமிங்டன் அளவான மருந்தும் மிகுந்த துல்லியமும் கொண்டது. 1970-களின் நடுவில் மருத்துவர் லூயி பால்மிசானோவும் கருவி வல்லுநர் ஃபெரிஸ் பின்டெலும் சேர்ந்து, குட்டையும் பருமனுமான ‘பிபிசி’ தோட்டாக்களை உருவாக்கி இலக்குச் சுடும் போட்டிகளில் சாதனைகள் நிகழ வழிசெய்தனர்.

.222-இன் வழிவந்த .223 தோட்டாவை அமெரிக்கப் படை 1960-களில் தன் எம்-16 துப்பாக்கிக்கு ஏற்றுக்கொண்டது. இந்தியப் படையின் இன்சாஸ் துப்பாக்கியும் அதே 5.56 மில்லிமீட்டர் குடும்பத்தைச் சேர்ந்த தோட்டாவையே பயன்படுத்துகிறது. அணில் இன விலங்குகளைச் சுட வளர்ந்த நுட்பம் இப்படிப் படைகளின் கைக்கும் போயிற்று.

இந்தியாவில் தோட்டாவும் சட்டமும்

தோட்டாவை மாற்றியமைக்கும் கலை இந்தியாவுக்குப் புதிதன்று. ஆங்கிலேயப் படையின் .303 துப்பாக்கிக் குண்டு முழுவதும் உலோக மேலுறை கொண்டது. 1895 சித்ரால் போரில் அது எதிரியை உடனே வீழ்த்தவில்லை என்று வீரர்கள் குறை கூறினர். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையின் அதிகாரி நெவில் பெர்ட்டி-கிளே, முனையில் ஈயம் வெளியே தெரியும்படி குண்டை மாற்றினார். பட்டவுடன் விரிந்து பெருங்காயம் உண்டாக்கும் அக்குண்டு உலகெங்கும் ‘டம்டம்’ என்று பெயர் பெற்றது. 1899 ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. வேட்டைக்கு அத்தடை இல்லை. வர்மின்ட் வேட்டையில் பயன்படும் மென்முனைக் குண்டும் விரியும் குண்டு வகையைச் சேர்ந்ததே.

.303 தோட்டாவுக்குரிய கார்டைட் என்னும் புகையில்லா மருந்தைத் தயாரிக்க, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அருவங்காட்டில் ஒரு தொழிற்சாலை நிறுவப்பட்டது. ஆக, நல்ல மருந்தும் அதைக் கையாளத் தெரிந்த கைகளும் தமிழ்நாட்டிலேயே இருந்தன. ஆனால் அவை கோட்டைச் சுவருக்குள் இருந்தன.

வெளியே இருந்தவர்களைக் கட்டுப்படுத்தியது 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன்படி இந்தியர் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. அடுத்து, படையில் புழங்கும் விட்டங்களைப் பொதுமக்களுக்குத் தடுக்கும் விதிகள் வந்தன. மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் .450 தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தால், 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் .450 விட்டத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் கொண்டுவருவது தடை செய்யப்பட்டது.

அந்தத் தடையின் விளைவு லண்டன் கடைத்தெருவில் தெரிந்தது. புலி, யானை வேட்டைக்கு .450 துப்பாக்கி விற்றுவந்த நிறுவனங்கள் இந்தியச் சந்தையை இழக்க விரும்பவில்லை. சட்டத்தில் சொல்லப்படாத விட்டங்களில் புதுத் தோட்டாக்களை உருவாக்கின. ஹாலந்து அண்ட் ஹாலந்து நிறுவனம் 1907-இல் வெளியிட்ட .465 அவற்றுள் ஒன்று; .470 மற்றொன்று. விலங்கும் வேட்டையும் மாறவில்லை. விதி மாறியதால் தோட்டா மாறியது.

.303-க்கும் இதே கதிதான். அது படைத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்குக் கிடைக்கவில்லை. எனவே பிஎஸ்ஏ நிறுவனம், ஆஸ்திரியப் படையின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை .315 என்ற பெயரில் எடுத்துக்கொண்டு, லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே ஒரு வேட்டைத் துப்பாக்கி செய்து இந்தியாவில் விற்றது. விடுதலைக்குப் பின் இச்சாப்பூர் தொழிற்சாலை அவ்வகைத் துப்பாக்கியைத் தொடர்ந்து தயாரித்தது. இன்றும் இந்தியாவில் உரிமத்தோடு வாங்கக்கூடிய ரைபிள்களில் .315 பெரிதும் அறியப்பட்டது.

இதை ஆஸ்திரேலியாவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் படை விட்டத் துப்பாக்கிகளுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அங்குள்ளவர்கள் .303 உறையின் கழுத்தை .25-க்கும் .22-க்கும் சுருக்கி, பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்குப் புதுக் குழல் பொருத்தி, முயலையும் நரியையும் கங்காருவையும் சுட்டார்கள். துப்பாக்கி ஒன்றே, தடையின் நோக்கமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஆஸ்திரேலியப் பண்ணையாளர் தம் ஊர்ப் பட்டறையில் துப்பாக்கியை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தந்தது. இந்தியாவில் அந்த வழி மூடியிருந்தது. அதனால் அங்கே காட்டுப்பூனை பிறந்தது. இங்கே கப்பலில் வந்த.315 கடையில் விற்றது.

பாராமகாலின் காவல்

இனிக் கிருஷ்ணகிரிக்கு வரலாம். பயிர்க்காவல் தமிழ் நிலத்தில் மிகப் பழைய தொழில். குறிஞ்சி நிலப் பெண்கள் பரண்மீது இருந்து தினைப்புனம் காத்ததையும், கவண், தட்டை, குளிர் முதலிய கருவிகளால் கிளியை ஓட்டியதையும் சங்க இலக்கியம் பேசுகிறது. விலங்கைக் கொல்வதைவிட விரட்டுவதே அங்கு முதன்மை. தகரம் அடிப்பது, தீப்பந்தம் ஏந்துவது, வேட்டுப் போடுவது என அந்த மரபு மலையடிவார ஊர்களில் இன்றும் தொடர்கிறது.

கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தின் பழைய பெயர் பாராமகால். கர்நாடகச் சமவெளிக்கும் மைசூருக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் துப்பாக்கியின் பழக்கம் போர்களோடு வந்தது. 1767-இல் ஐதர் அலியின் படை பின்தொடர, கர்னல் ஜோசப் ஸ்மித் தம் படையுடன் சிங்காரப்பேட்டைக் கணவாய் வழியாகச் செங்கத்தை நோக்கிப் பின்வாங்கினார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் பாராமகால் கும்பினி ஆட்சிக்குள் வந்தது.

கோட்டைகள் ஓய்ந்த பிறகும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி மலையடிவாரத்தில் தங்கிவிட்டது. கொல்லனும் தச்சனும் செய்யக்கூடிய எளிய கருவி அது. உறை வேண்டியதில்லை, மருந்தும் ரவையும் கேப்பும் போதும்.

அதே காடுகளில் ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் நவீன ரைபிள்களோடு நடமாடினர். பெங்களூரைச் சேர்ந்த எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) .405 வின்செஸ்டர் துப்பாக்கியோடு ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் வேட்டையாடியதைத் தம் நூல்களில் எழுதினார். 1954-இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில் ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியின் கதை உண்டு. ஒரே காட்டில், ஒருவர் கையில் அமெரிக்கத் தொழிற்சாலைத் தோட்டா. இன்னொருவர் கையில் குச்சியால் இடித்துக் கெட்டித்த மருந்து.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்த வேறுபாட்டை எழுத்திலேயே பதித்தது. அதன் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் அளிக்க வகை செய்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். பயிர்ப் பாதுகாப்பு என்ற காரணத்துக்காகக் காடி வெட்டிய ரைபிளை அப்பிரிவு குறிப்பிடவில்லை. உரிமம் இன்றித் துப்பாக்கி அல்லது தோட்டா செய்வதும் மாற்றியமைப்பதும் 5ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்த அளவுத் தண்டனையே ஏழாண்டுச் சிறை. கில்போர்னும் ஆக்லியும் தம் நாட்டில் செய்ததை உரிமம் இல்லாத ஒருவர் இங்கே செய்தால் சிறைக்குத்தான் போவார்.

நிலம் சொல்லும் காரணம்

சட்டம் உழவரை நம்பவில்லை என்று மட்டும் இதை முடித்துவிட முடியாது. பிரெய்ரி நாய் வேட்டை நடக்கும் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று பேரே வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதே பரப்பில் சுமார் 370 பேர். மிகச் சிறிய .22 ரைபிள் குண்டுகூட ஒரு மைலுக்குமேல் செல்லக்கூடியது. நிலக்கடலைக் கொல்லை, அதை ஒட்டிய வீடு, அதற்கப்பால் சாலை என்று அமைந்த ஊரில் இரவில் சுடப்படும் ரைபிள் குண்டு எங்கே போய் நிற்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது.

இலக்கும் வேறு. வர்மின்ட் தோட்டா சில கிலோ எடையுள்ள விலங்குக்காகப் பிறந்தது. பட்டவுடன் நொறுங்கும் அதன் குண்டு, தடித்த தோலும் கனத்த தோளும் கொண்ட காட்டுப்பன்றிக்கு ஏற்றதன்று. அது பன்றியைக் காயப்படுத்துமே தவிர வீழ்த்தும் என்பதற்கு உறுதியில்லை. காயம்பட்ட பன்றி மனிதருக்கு ஆபத்து.

மூன்றாவது காரணம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதன் ஐந்தாம் அட்டவணை காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி போன்றவற்றை மட்டுமே கேடு செய்யும் உயிரினங்களாக வைத்திருந்தது. 2022 திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கியது. இப்போது 62ஆம் பிரிவின்படி மத்திய அரசு குறித்த பகுதிக்கு, குறித்த காலத்துக்கு மட்டும் ஒரு விலங்கை அவ்வாறு அறிவிக்கலாம். பீகாரில் நீல்காய் மானும், உத்தராகண்டில் காட்டுப்பன்றியும், இமாச்சலப் பிரதேசத்தில் குரங்கும் இவ்வாறு அறிவிக்கப்பட்டதுண்டு.

இன்றைய நிலை

சட்டத்துக்கும் பயிர் இழப்புக்கும் நடுவில் நிற்கும் உழவர் சிலர் ஆபத்தான வழிகளை நாடுகின்றனர். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று. உணவுக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் மற்றொன்று. வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவது மூன்றாவது. இவை பன்றியை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்காக அமைத்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. அவுட்டுக்காயைக் கடித்த மாடுகள் வாய் சிதைந்து சாகின்றன. கண்ணுக்குத் தெரியாத கம்பியை மிதித்து மனிதரும் இறக்கின்றனர்.

அரசுகள் இடைவழி தேடுகின்றன. கேரளம் 2022-இல், உரிமத் துப்பாக்கி உள்ளவர்களைக் கொண்டு காட்டுப்பன்றியைச் சுட அனுமதி அளிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குத் தந்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு முறையை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம். சுடும் பொறுப்பு இங்கே உழவரிடம் இல்லை, அரசிடம் உள்ளது. பொறுப்பை எடுத்துக்கொண்ட அரசு உரிய நேரத்தில் வயலுக்கு வந்து சேர்வதும், இழப்பீட்டைத் தாமதமின்றித் தருவதும் இம்முறையின் வெற்றியைத் தீர்மானிக்கும்.

காட்டுப்பூனைத் தோட்டாவின் வரலாறு, பொறுமையும் அளவீடும் கொண்ட எளிய பட்டறைக்காரர்கள் தொழிற்சாலைகளை முந்திச் சென்ற வரலாறு. அதைப் படிக்கும் மாணவர் வியக்கலாம். இயற்பியலும் உலோகவியலும் அதிலிருந்து கற்கலாம். ஆனால் அத்தோட்டா மனித நடமாட்டம் குறைந்த பரந்த புல்வெளிக்கு எழுதப்பட்ட விடை. ஜவ்வாது மலைச்சாரலிலும் ஓசூர்க் காட்டோரத்திலும் கேட்கப்படும் கேள்வி வேறு. வீடும் வயலும் காடும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், யாரும் சாகாமல் ஒரு போகம் நிலக்கடலையை வீடு கொண்டுசேர்ப்பது எப்படி என்பதே அது. இதற்கான விடையை எந்தத் தோட்டா உறைக்குள்ளும் அடைக்க முடியாது.